பெற்றவள், பாலூட்டியவள், வளர்த்தவள்: கற்பிட்டிக் கரையில் தாய்மையின் வரலாறு

இலங்கையின் வடமேற்கே, ஒரு பக்கம் இந்துமாக்கடலும் மறுபக்கம் புத்தளம் களப்பும் அணைத்து நிற்கும் கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், நுரைச்சோலைக்கு அருகே அமைந்துள்ள ஊர் ஆலங்குடா. ஆலமரத்தையும் கடல் உள்வாங்கிய குடாவையும் நினைவூட்டும் பெயரைக் கொண்ட இவ்வூரில், மீன்பிடியும் மணல்நிலத்துக் காய்கறிச் செய்கையும் தென்னையும் வாழ்வின் ஆதாரங்களாக இருந்துவருகின்றன. அண்மைக் காலத்தில் ஓங்கில்களைக் காணவரும் வெளிநாட்டாருக்கான விடுதிகளும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. குழந்தைப்பேறற்றோருக்கான நவீன சிகிச்சை நிலையம் எதுவும் இங்கு இல்லை. எனினும், ஒரு பெண்ணின் குழந்தையை இன்னொரு பெண் பெற்றுத்தரலாமா, அவ்வாறு பெற்றுத்தந்தால் தாய் எனப்படுபவள் யார் என்று இன்று உலகின் நீதிமன்றங்களும் மதச்சபைகளும் வாதிடும் வினா இக்கரைக்கு முற்றிலும் புதியதன்று. தாய்மையைப் பல பெண்களுக்கிடையே பங்கிட்டுக்கொள்வதற்கான முறைகளை இங்குள்ளோர் வெகுகாலத்துக்கு முன்பே வகுத்து வைத்திருந்தனர். அவற்றுள் எந்தப் பங்கைப் பிரிக்கலாம், எந்தப் பங்கைப் பிரிக்கலாகாது என்பதிலும் தெளிவாக இருந்தனர்.

தமிழ் மொழியே இப்பங்கீட்டுக்கு இடமளித்து வந்துள்ளது. அகத்திணை மரபு தலைவியைப் பெற்றவளை நற்றாய் என்றும், பாலூட்டி வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் வேறுபடுத்தி, இருவருக்கும் தனித்தனியே பேசும் உரிமையை வழங்கியது. கற்பிட்டிக் கரையின் முஸ்லிம் பேச்சுவழக்கில் பெத்த உம்மா, பால் கொடுத்த உம்மா, வளர்த்த உம்மா என்று மூன்று பேர் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். பின்னிரண்டு இடங்களும் மாறக்கூடியவை. முதலாவது மட்டும் ஒருத்திக்கே உரியது என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. வயிற்றில் சுமந்தவளே பெற்றவள், அவளுடைய குருதியே பிள்ளையின் குருதி என்ற இரண்டும் ஒரே உண்மையின் இரு பெயர்களாகவே கருதப்பட்டு வந்தன.

பிள்ளையில்லாமை எத்தகைய குறையாகக் கருதப்பட்டது என்பது, சொத்து எவ்வழியில் இறங்கியது என்பதைப் பொறுத்தே அமைந்தது. 1807இல் கற்பிட்டியில் பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்விவர அகராதியொன்றை வெளியிட்டவரான சைமன் காசிச்செட்டி, இப்பகுதியின் கரையோரச் சமூகமான முக்குவரையும் முஸ்லிம்களான சோனகரையும் பற்றி எழுதியவர்களுள் முன்னோடியாவார். புத்தளம், மட்டக்களப்பு ஆகிய இரு கரைகளிலும் வாழ்ந்த முக்குவரிடையே, ஆணின் முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, அவனுடைய மக்களுக்குச் செல்லாமல் அவன் உடன்பிறந்தாளின் மக்களுக்குச் சென்றது. இம்மருமக்கள் வழி உரிமையை 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ முக்குவர் சட்டம் பற்றிய தம் நூலில் தொகுத்தளித்தார். இத்தகைய முறையில், பிள்ளையில்லாத ஆணுக்கும் வாரிசுக்குத் தட்டுப்பாடில்லை, சகோதரியின் மகன் இருக்கிறான் என்பதை எண்ணிப்பார்த்தால், ஆணின் மலட்டுத்தன்மை பற்றிய பேச்சு இக்கரையில் ஏன் அத்தனை மெல்லியதாக ஒலித்தது என்பதற்கு ஒரு பகுதி விடை கிடைக்கக்கூடும். மலடி என்ற சொல் வசையாகத் தெருவில் நடமாடியது. மலடன் என்ற சொல் அகராதியை விட்டு வெளியே வந்தது அரிது.

முக்குவருள் ஒரு பகுதியினர் இஸ்லாத்தைத் தழுவியபின், அதே சகோதரியின் மகன் முற்றிலும் வேறோர் இடத்தில் வைக்கப்பட்டான். இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் சகோதரனின் மகன் எஞ்சிய சொத்துக்கு உரியவனாகும் வரிசையில் நிற்க, சகோதரியின் மகன் தூரத்து உறவினர் என்னும் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறான். ஆங்கிலேயர் 1806இல் முகம்மதியச் சட்டக் கோவையைத் தொகுத்து, 1852இல் அதைத் தீவு முழுவதற்கும் விரித்து, 1931இன் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டத்தின் மூலம் இறந்தவர் சார்ந்த மத்ஹபின், அதாவது சட்டப் பள்ளியின், விதியே செல்லும் என்று உறுதிப்படுத்தினர். இலங்கை முஸ்லிம்களுள் மிகப் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். ஆனால் மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழும் பழக்கமும், தாய்வீட்டுச் சுற்றத்தோடு ஒட்டி வாழும் வாழ்க்கையும் நீடித்தமையால், சட்டம் தந்தைவழியில் எண்ணியபோதும் அடுக்களை தாய்வழியிலேயே எண்ணிக்கொண்டிருந்தது. பிள்ளையை மாற்றிக்கொடுக்கும் வழக்கத்தை விளங்கிக்கொள்ள இந்த இரட்டைக் கணக்கை மனத்தில் வைத்திருத்தல் வேண்டும்.

பிள்ளை வேண்டுவோர் முதலில் நாடியது நேர்ச்சையை. ஆலங்குடாவிலிருந்து அதே கரையோரமாக வடக்கே சென்றால் தலவில புனித அன்னம்மாள் தேவாலயம் வரும். கிறித்தவ மரபுக்கதையில் அன்னம்மாள் நெடுங்காலம் பிள்ளையின்றி இருந்து முதிர்ந்த பருவத்தில் மரியாளைப் பெற்றவர். ஆகவே குழந்தை வேண்டும் பெண்களின் காவலராகப் பல நாடுகளில் வழிபடப்படுபவர். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நடக்கும் தலவிலத் திருவிழாக்களுக்குத் தீவின் நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து, தென்னந்தோப்புகளில் தங்கிச் சமைத்துண்டு வேண்டுதல் செலுத்துவர். அவர்களுள் கத்தோலிக்கர் அல்லாதோரும் கணிசமானோர். முஸ்லிம்களைப் பொறுத்தவரை, கடலுக்கு அப்பால் இருந்த நாகூர் இக்கரையின் நேர்ச்சை வரைபடத்துக்குள் அடங்கியிருந்தது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாகூர் ஷாகுல் ஹமீது பற்றிய வரலாறுகளில் இங்கு கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. மணம் புரியாத இறைநேசரான அவர், லாகூரில் பிள்ளையற்றிருந்த ஒரு தம்பதியருக்குத் தாம் மென்ற தாம்பூலத்தைக் கொடுத்து மனைவியை உண்ணச்செய்தார் என்றும், பிறக்கும் முதல் மகன் தமக்குரியவன் என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டார் என்றும், அவ்வாறு பிறந்த யூசுப் பின்னர் அவரைத் தேடிவந்து மகனாக வாழ்ந்தார் என்றும் அவ்வரலாறுகள் கூறுகின்றன. தீண்டாமலே உண்டான கருவும், முன்னமே செய்யப்பட்ட உடன்பாடும், பெற்றவளிடமிருந்து வேண்டியவரிடம் கையளிக்கப்பட்ட பிள்ளையுமாக அமைந்த இக்கதையை, அதன் சமயப் பொருளுக்குக் குறை நேராமல், தாய்மைப் பங்கீடு பற்றிய ஒரு கற்பனைச் சோதனையாகவும் வாசிக்க முடியும். சீர்திருத்த இயக்கங்கள் வலுப்பெற்ற பின் தர்கா நேர்ச்சைகள் குன்றின. கதை மட்டும் முதியோர் வாயில் தங்கியிருந்தது.

நேர்ச்சை பலிக்காதபோது எஞ்சிய வழிகள் இரண்டு. ஒன்று, ஆண் மறுமணம் செய்தல். 1951இன் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இரண்டாம் திருமணத்துக்கு முன் காதியாருக்கு, அதாவது முஸ்லிம் குடும்ப நீதிபதிக்கு, அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று விதித்ததே தவிர அதைத் தடுக்கவில்லை. குறை யாரிடம் உள்ளது என்று ஆராயும் வழக்கம் இல்லாதிருந்த காலத்தில் இவ்வழி முதல் மனைவிமார் பலருக்கு அநீதியாகவே முடிந்திருக்க வேண்டும். மற்றொன்று, சுற்றத்துக்குள் பிள்ளையை எடுத்து வளர்த்தல். இதுவே இக்கட்டுரைக்கு முதன்மையான பொருள்.

இஸ்லாம் அநாதையைப் பேணுவதைப் பெரும் நற்செயலாகப் போற்றுகிறது. ஆயினும் வளர்ப்புப் பிள்ளையை ஈன்ற பிள்ளையாக்கும் தத்தெடுப்பை ஏற்பதில்லை. நபிகளார் வளர்த்த ஸைத் அவர்கள் தம் சொந்தத் தந்தையின் பெயராலேயே மீண்டும் அழைக்கப்பட்டமை இதற்கு மூலச்சான்றாகக் காட்டப்படுகிறது. ஆகையால் வளர்ப்புப் பிள்ளை பெற்றவரின் பெயரைத் தாங்கும். வளர்த்தவரின் சொத்தில் அதற்குத் தானாக வரும் பங்கில்லை. பருவமடைந்தபின் வளர்த்தவர் அதற்கு அந்நியராகவும் ஆகிவிடலாம். இந்த மூன்றாவது சிக்கல்தான் நடைமுறையில் மிகக் கூர்மையானது. மணம் செய்ய என்றென்றைக்கும் விலக்கப்பட்ட உறவினருக்கு மஹ்ரம் என்று பெயர். அவர் முன்னிலையில் பெண் மறைவு பேண வேண்டியதில்லை. வளர்த்த தாயின் முன் வளர்ப்பு மகன் வாலிபனாக நிற்கும்போது அவன் மஹ்ரமா, அந்நியனா என்ற வினா எழுகிறது.

இதற்குச் சுற்றம் கண்ட விடைகள் நுட்பமானவை. ஒரு பெண் தன் உடன்பிறந்தாளின் மகனை எடுத்து வளர்த்தால், அவள் ஏற்கெனவே அவனுக்குச் சாச்சியோ பெரியும்மாவோ ஆதலால் மறைவுச் சிக்கல் எழுவதில்லை. ஓர் ஆணுக்கு அவன் உடன்பிறந்தாரின் மகள் அவ்வாறே விலக்கப்பட்டவள். ஆகவே மனைவியின் பக்கத்திலிருந்து ஆண்பிள்ளையையும் கணவனின் பக்கத்திலிருந்து பெண்பிள்ளையையும் எடுத்தால் சட்டச் சிக்கல் மிகக் குறைவு. பிள்ளை ஆணா பெண்ணா என்பது, அதை எந்தப் பக்கத்துச் சுற்றத்திடம் கேட்பது என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு இக்கணக்கு முக்கியமானது. இரத்த உறவில்லாத பிள்ளையாயின் பாலுறவு உதவிக்கு வந்தது. ஷாஃபிஈ சட்டத்தில், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு பெண் ஐந்து தனித்தனி வேளைகள் பாலூட்டினால் அவள் அதன் பால்தாய் ஆகிறாள். அவளுடைய கணவன் பால்தந்தை, மக்கள் பால் உடன்பிறப்புகள், சகோதரி பால்வழிச் சாச்சி. ஆகவே எடுத்து வளர்ப்பவளுக்குப் பால் சுரக்காவிடினும், அவளுடைய சகோதரி அப்போது கைக்குழந்தையோடு இருந்தால், ஐந்து வேளைப் பால் கொடுத்து அந்நியப் பிள்ளையைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிட முடியும். எண்ணி, சாட்சி வைத்து ஊட்டப்படும் இந்த ஐந்து வேளைப் பாலில் தாய்மை ஒரு சட்டப் பொருளாகக் கையாளப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒரு பெண்ணின் உடலிலிருந்து வரும் ஒன்று, இன்னொரு பெண்ணின் பிள்ளைக்கு அளவிட்டுக் கொடுக்கப்படுகிறது, அதனால் மணவிலக்கு உண்டாகிறது, வாரிசுரிமை உண்டாவதில்லை. சொத்துச் சிக்கலை, உயிரோடிருக்கையிலேயே வளவையோ தோணியையோ ஹிபா என்னும் நன்கொடையாக எழுதி, கைவசமும் ஒப்படைத்துத் தீர்த்துக்கொண்டனர்.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமை வேறு திசையில் சென்றது. 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, சுற்றத்தாரின் இசைவையும் மஞ்சள் நீர் அருந்தும் சடங்கையும் தத்தெடுப்புக்கு அடையாளமாக வைத்து, தத்துப் பிள்ளைக்கு எடுத்தவரின் முதுசொத்தில் முழு உரிமை அளித்து, பெற்றவரின் சொத்திலிருந்து அதை நீக்கியது. அங்கே தத்துப் பிள்ளை ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. கற்பிட்டிக் கரையின் முஸ்லிம் வீடுகளில் அது இரண்டு வீட்டிலும் கால் வைத்திருந்தது. 1941இன் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் சட்டம், நீதிமன்றக் கட்டளை ஒன்றால் மகவேற்ற பிள்ளையைத் தம்பதியரின் முறைப்படி பிறந்த பிள்ளையாக்கும் வழியைத் தீவு முழுவதற்கும் திறந்தது. சுற்றத்துக்குள் வாய்மொழியாகப் பிள்ளை மாறும் ஊர்களில், நீதிமன்றப் படியேற வேண்டிய தேவை பலருக்குத் தோன்றவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களைச் சில மணி, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றியபோது, அவ்வாறு வெளியேறிய ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். மன்னார்த் தீவினர் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஆலங்குடாவும் அவர்களை ஏற்ற ஊர்களுள் ஒன்று. கிடுகு வேய்ந்த கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் பின்னர் குடியிருப்புகளாயின. இந்த இடப்பெயர்வு தாய்மை வரலாற்றில் ஏற்படுத்திய மாற்றம் ஒன்றுண்டு. ஊரறிந்த பிள்ளை யாருடைய பிள்ளை என்பதற்குக் காகிதம் தேவைப்படவில்லை. ஊர் கலைந்தபின் காகிதமே ஊரின் இடத்தைப் பிடித்தது. பங்கீட்டு அட்டைக்கும் பாடசாலை அனுமதிக்கும் காணிப் பதிவுக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்பட்டது. அதுவரை சாட்சியாக விளங்கிய மருத்துவிச்சி, பேறு வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு மாறியதோடு முன்னரே பின்வாங்கியிருந்தாள். வீடுவீடாக வரும் அரச குடும்பநல மருத்துவ மாதுவின் பதிவேடு, கருவுற்றோரையும் குழந்தை வேண்டிக் காத்திருப்போரையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. பிள்ளையின்மை நேர்ச்சைக்குரிய விடயமாக இருந்த நிலையிலிருந்து மருத்துவப் பதிவுக்குரிய நிலைக்கு நகர்ந்தது இவ்வாறுதான்.

காகிதம் பொய்யும் சொல்லும் என்பதை இலங்கை அதற்குச் சற்று முன்னர்தான் கண்டிருந்தது. 1970களிலும் 1980களிலும் இத்தீவிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் மகவேற்புக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டனர். நெதர்லாந்துக்கு மட்டும் சென்றோர் ஏறத்தாழ 4,000 பேர். அவர்களுள் சிலர் வளர்ந்தபின் தாயைத் தேடிவந்தபோது, ஆவணத்தில் கையொப்பமிட்ட பெண் பெற்றவளே அல்லள், கூலிக்குத் தாயாக நடித்தவள் என்று தெரியவந்தது. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான செம்ப்லா, குழந்தைப் பண்ணைகள் எனப்பட்ட இல்லங்கள் இயங்கியதையும் வெளிப்படுத்த, இலங்கை அமைச்சர் ஒருவரும் அதை ஒப்புக்கொண்டார். 2021இல் நெதர்லாந்து அரசு வெளிநாட்டு மகவேற்பையே இடைநிறுத்தியது. வாடகைத்தாய் முறை இந்நாட்டில் வணிகமாக வேரூன்றுவதற்கு முன்பே, வாடகைக்கு அமர்த்தப்பட்ட தாய் ஒருத்தி இங்கு இருந்திருக்கிறாள். அவள் வாடகைக்குக் கொடுத்தது கருப்பையை அன்று, பெயரையும் கையொப்பத்தையும்.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, பெற்றவள் என்ற இடத்தைப் பிரிக்கக்கூடிய கருவி உருவாயிற்று. ஐவிஎஃப் எனப்படும் வெளிக்கருக்கட்டலில், பெண்ணுக்கு ஊசிமருந்துகளைச் செலுத்திப் பல சூல்முட்டைகளை ஒரே வேளையில் முதிரச்செய்து, அவற்றை மெல்லிய ஊசியால் உறிஞ்சியெடுத்து, ஆய்வுக்கலத்தில் விந்தோடு சேர்த்து, உருவாகும் முளையத்தை மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ கருப்பைக்குள் வைக்கின்றனர். முட்டை ஒருமுறை உடலுக்கு வெளியே வந்துவிட்டால், அது திரும்பிச்செல்லும் கருப்பை அதே பெண்ணுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்ற இயற்கைக் கட்டாயம் ஏதுமில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா எனப் பெயர் வழங்கப்பட்ட குழந்தை பிறந்தது; அவருடைய பணியை நம்ப மறுத்த அரசின் விசாரணையும் இடமாற்றமும் அவரை 1981 ஜூனில் தற்கொலைக்குத் தள்ளின. பம்பாயில் இந்திரா ஹிந்துஜாவோடு இணைந்து 1986இல் ஹர்ஷா என்ற சோதனைக்குழாய்க் குழந்தையின் பிறப்புக்கு வழிசெய்த அறிவியலாளர் டி. சி. ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளை ஆராய்ந்து, இந்தியாவில் இதை முதலில் சாதித்தவர் அவரே என்று 1997இல் அறிவித்து, தமக்கிருந்த பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்தமை அறிவியல் வரலாற்றில் அபூர்வமான நேர்மை. சென்னையில் கமலா செல்வராஜின் மருத்துவமனையில் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990இல் பிறந்தது. மன்னாரிலிருந்து படகுகள் கற்பிட்டிக்கு வந்த அதே ஆண்டு அது.

கருத்தரிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற வினாவுக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் வெவ்வேறு பொருள்களை எண்ணுகின்றனர் என்பதால், இங்கு சற்று நிதானம் தேவை. இரத்தப் பரிசோதனையில் கருத்தரிப்புத் தெரிவது ஒன்று. குழந்தை உயிரோடு பிறப்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் கருச்சிதைவுகள் உள்ளன. ஒரு முளைய மாற்றத்துக்கு இத்தனை என்பது ஒரு கணக்கு, முட்டையே கிடைக்காமல் நின்றுபோன முயற்சிகளையும் சேர்த்துச் சிகிச்சை தொடங்கிய சுற்றுக்கு இத்தனை என்பது இன்னொரு கணக்கு. விளம்பரங்கள் விரும்புவது எப்போதும் பெரிய எண்ணையே. லூயிஸ் பிரவுனின் பிறப்புக்கு வழிசெய்த ஓல்டம் குழுவினர் 1969க்கும் 1978க்கும் இடையில் செய்த 112 முளைய மாற்றங்களில் கருத்தரித்தவை 5. உயிரோடு பிறந்த குழந்தைகள் 2. இன்று பிரித்தானியப் பதிவுகளின்படி, 35 வயதுக்கு உட்பட்ட பெண் தன் சொந்த முட்டையைப் பயன்படுத்தும்போது, மாற்றப்படும் முளையம் ஒன்றுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றை ஒட்டி நிற்கிறது. 43 வயதைக் கடந்தவருக்கு அது நூற்றுக்கு 5 என்ற அளவுக்குச் சரிகிறது. ஆனால் இளம்பெண் ஒருவரின் முட்டையைக் கொடையாகப் பெற்றால், கருப்பைக்குரியவளின் வயது ஏறினாலும் வாய்ப்பு மூன்றில் ஒன்றை அண்மியே இருக்கிறது. முதுமையடைவது பெரும்பாலும் முட்டையே, கருப்பை அன்று என்ற இந்த உண்மை, தாய்மையின் இரு கூறுகளும் தனித்தனிக் காலக்கணக்கில் இயங்குபவை என்பதைக் காட்டிவிட்டது. ஆண்பக்கக் குறையைப் பொறுத்தவரை, ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் முறையை 1992இல் பிரசல்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டதிலிருந்து, மலடன் என்ற ஒளிந்திருந்த சொல் மருத்துவரின் மேசைக்கு வந்தாக வேண்டியதாயிற்று.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதற்கு வியக்கத்தக்க விரைவில் விடை கண்டனர். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஜாத் அல்ஹக், லூயிஸ் பிரவுன் பிறந்து இரண்டாண்டு நிறைவதற்குள், 1980 மார்ச் 23 அன்று வழங்கிய தீர்ப்பில், கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மனைவியின் கருப்பையும் மணவாழ்வு நிலைத்திருக்கையில் சேருமாயின் வெளிக்கருக்கட்டல் ஆகுமானது என்றும், மூன்றாமவர் எவரும் நுழையலாகாது என்றும் கூறினார். வாடகைத்தாய் பற்றிய விவாதத்தில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. மக்காவின் ஃபிக்ஹ், அதாவது இஸ்லாமியச் சட்டவியல், பேரவை 1984இல், ஒரே கணவனின் இரு மனைவியருள் ஒருத்தியின் முளையத்தை மற்றவள் சுமக்கலாம் என்று இசைந்தது. சுமப்பவளே அதே காலத்தில் தன் கணவனால் கருவுற்றால் எது யாருடைய பிள்ளை என்று பிரித்தறிய இயலாது என்ற மறுப்பு எழ, 1985இல் அவ்விசைவைப் பேரவை திரும்பப் பெற்றது. 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடிய இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹ் கலாசாலை, ஏழு முறைகளை வரிசைப்படுத்தி ஐந்தை விலக்கி, கணவன் மனைவிக்குள்ளேயே நிகழும் இரண்டை மட்டும் ஏற்றது. இவ்விவாதங்களில், தாயார் என்போர் பெற்றெடுத்தவர்களே என்ற கருத்தமைந்த குர்ஆன் வசனத்தை முன்வைத்து, சுமந்தவளே தாய் என்றனர் ஒரு சாரார். முட்டைக்குரியவளே தாய், சுமந்தவளைப் பால்தாயின் நிலையில் வைக்கலாம் என்றனர் மற்றொரு சாரார். இந்த இரண்டாம் வாதம் கற்பிட்டிக் கரைக்கு அந்நியமாக ஒலித்திருக்காது. ஐந்து வேளைப் பால் மணவிலக்கை உண்டாக்குமாயின், ஒன்பது மாதக் குருதி அதைவிடக் குறைந்ததை எவ்வாறு உண்டாக்கும் என்பதே அதன் தருக்கம்.

இந்தியாவில் இவ்வினா சந்தைக்கு வந்தது. நாட்டின் முதல் வாடகைத்தாய்ப் பிறப்பாகக் கருதப்படுவது 1994இல் சென்னையில் நிகழ்ந்தது. பத்தாண்டுகளுக்குள் குஜராத்தின் ஆனந்த் நகரம் வெளிநாட்டுத் தம்பதியரின் இலக்காயிற்று. ஜப்பானியத் தம்பதியர் பிரிந்துவிட்டதால் நாடற்றுப்போன மஞ்சி என்ற குழந்தையின் வழக்கு 2008இல் உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஜெர்மானியத் தந்தையின் இரட்டையர் பற்றிய வழக்கில் 2009இல் குஜராத் உயர்நீதிமன்றம், முட்டை கொடையாளியுடையதாயினும் பெற்றெடுத்தவளையே தாயாகக் கொண்டு குழந்தைகளுக்கு இந்தியக் குடியுரிமைக்கு வழிகாட்டியது. அம்மான் அறிஞர்களுள் முதல் சாராரின் விடையையே மதச்சார்பற்ற நீதிமன்றமும் வேறு வழியில் சென்றடைந்தது சுவையானது. 2015இல் வெளிநாட்டாருக்கு வாசல் அடைக்கப்பட்டது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையிலிருக்கும் வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், மணமான, சொந்தப் பிள்ளையுள்ள, 25 முதல் 35 வயதுக்கு உட்பட்ட பெண், வாழ்நாளில் ஒரேயொரு முறை, மருத்துவச் செலவும் காப்புறுதியும் தவிர வேறு ஊதியமின்றிச் சுமக்கலாம் என்கிறது. வாடகை ஒழிக்கப்பட்டபின்னும் தமிழில் வாடகைத்தாய் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. கூலி வாங்காமல் தங்கைக்காகச் சுமப்பவளையும் அச்சொல் கூலிக்காரியாக்கிவிடுகிறது.

இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. உள்ளவை பழைய சட்டங்களே. 1895இன் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, திருமணம் நிலைத்திருக்கையிலோ அது முடிந்து 280 நாள்களுக்குள்ளோ பிறக்கும் பிள்ளை தாயின் கணவனுடையதே என்று, அவர்கள் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என நிறுவப்பட்டாலன்றி, முடிவாகக் கொள்கிறது. இதன்படி ஒருத்தி தன் ராத்தாவுக்காக, அதாவது அக்காவுக்காக, பிள்ளை சுமந்து பெற்றால், முட்டையும் விந்தும் ராத்தாவுடையதும் மச்சானுடையதுமாக இருந்தாலும், பிள்ளையின் தாய் அவள். தந்தை அவளுடைய கணவன். வைத்தியசாலையின் பேற்றுப் பதிவிலும் அவள் பெயரே ஏறும். பின்னர் ராத்தாவும் மச்சானும் தம் சொந்த மரபணுவைத் தாங்கிய பிள்ளையை 1941இன் சட்டப்படி நீதிமன்றத்தில் மகவேற்க வேண்டும். இஸ்லாமிய வாரிசுரிமைக் கணக்கில் அப்பிள்ளை மீண்டும் வளர்ப்புப் பிள்ளையாகவே எண்ணப்படலாம்.

ஆகவே ஆலங்குடாவின் தம்பதியர் இன்று பிள்ளையின்மைக்கு வழி தேடும்போது, மார்க்கமும் சட்டமும் ஒருங்கே இடமளிக்கும் வழிகள் இரண்டே. சேமிப்பையும் நகையையும் திரட்டிக்கொண்டு, பாலாவிச் சந்தி வழியே 150 கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள கொழும்புக்குப் பலமுறை சென்று, தம் முட்டையும் விந்தும் கருப்பையும் கொண்டே முயல்வது ஒன்று. வயது ஏற ஏற வாய்ப்பு இறங்கும் கணக்கு அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கிறது. உடன்பிறந்தாளின் வீட்டுப் படியேறுவது மற்றொன்று. அங்கே கொடுக்கப்படும் பிள்ளை, பெற்றவளைச் சாச்சி என்றும் வளர்த்தவளை உம்மா என்றும் அழைத்து வளரும். அதன் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயருக்குரிய கட்டத்தில் சாச்சியின் பெயரே இருக்கும்.